பலாலிக்குப் பத்து மணித்தியாலம்

1

டுசில்டோர்ஃப் விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையத்துக்கு ஏறத்தாழ எண்ணாயிரம் கிலோமீற்றர். பறப்பு நேரம் பத்து மணித்தியாலம். இதை நான் சொல்லவில்லை. எந்த இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தாலும் நடுவில் ஒரு கோடு கீறி, தூரத்தையும் நேரத்தையும் சொல்லிவிடுகிற ஓர் இணையத்தளம் சொல்கிறது. கோடு பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஐரோப்பாவைக் கடந்து, மலைகளையும் பாலைவனத்தையும் கடந்து, இந்தியாவுக்கு மேலால் இறங்கி, நேரே பலாலியில் போய் நிற்கிறது. ஒரே ஒரு குறை, அந்தக் கோட்டில் விமானம் இல்லை. இந்த இரண்டு இடத்துக்கும் நடுவில் நேரே பறக்கிற விமானத்தை இதுவரை யாரும் கண்டதில்லை.

இந்தப் பத்து மணித்தியாலத்தை நம்பித்தான் என் அக்கா போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை பலாலியில் விமானம் ஏறினார். இந்தக் கிழமை என் மகள் மிதுலா வீட்டைவிட்டுப் படிக்கப் போய்விட்டாள். இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது. வீடு அமைதியாகக் கிடப்பதால் எனக்கு எழுத நேரமும் இருக்கிறது. ஜேர்மனியிலிருந்து உங்களுக்கும் யாராவது விமான நேரம் எழுதி அனுப்பக்கூடும். அப்போது இது உதவினாலும் உதவும்.

2

நாங்கள் இருப்பது டுசில்டோர்ஃபுக்குப் பக்கத்து வுப்பர்டாலில். நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். என் கணவர் நகரத்துப் பேருந்து ஓட்டுகிறார். அவருக்கு நேரம் என்றால் நேரம். பின்னேரம் நாலு மணிக்கு வாருங்கள் என்று யாரையும் அவர் அழைத்ததில்லை. பதினாறு மணிக்கு வாருங்கள் என்பார். ஆரம்பத்தில் வந்தவர்கள் சிரித்தார்கள், இப்போது அவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

ஊரிலிருந்து ஜேர்மனிக்கு நான் வந்து சேர எனக்கு எடுத்தது பதினொரு மாதம். கொழும்பு, பிறகு பெயர் தெரியாத ஊர்கள், பூட்டிய அறைகள், ஒரு குளிர்காலம், ஒரு காடு. அதை இங்கே விரிக்கப் போவதில்லை, என்னைப்போல வந்தவர்கள் எல்லோரிடமும் அந்தக் கதை இருக்கிறது. அந்தப் பதினொரு மாதமும் வீட்டுக்கு ஒரு செய்தியும் போகவில்லை. நான் இருக்கிறேனா இல்லையா என்று தெரியாமல் அக்கா ஒரு நேத்தி, அதாவது நேர்த்திக்கடன் வைத்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் தலைக்குத் தோய்ந்து, சாமிக்கு விளக்கேற்றிய பிறகு ஒரே ஒரு நேரச் சாப்பாடு. விளக்கேற்றும்வரை தண்ணீர் மட்டும்தான்.

என் கடிதம் கிடைத்தது. நேத்தி முடிந்தது. ஆனால் அக்கா விடவில்லை. ஒருமுறை தொலைபேசியில் கேட்டேன், நான்தான் வந்து சேர்ந்துவிட்டேனே, இன்னும் ஏன் என்று.

“நேத்தி முடிஞ்சுதுதான். பழக்கம் முடியேல்லை,” என்றார்.

அக்காவுக்கு எழுபது வயது. கல்யாணம் செய்யவில்லை. பத்து வருடமாகச் சீனி வருத்தம், நீரிழிவு. வெள்ளிக்கிழமைகளில் காலையில் அதற்குரிய குளிசையை விழுங்குவார், மத்தியானம் சாப்பிட்டுவிடுவார், அதுவரை உடம்பு சமாளிக்கும். வைத்தியர் ஏசுவார். அக்கா வைத்தியருக்கு ஓம் சொல்லிவிட்டு வந்து வழமைபோலச் செய்வார்.

3

அவரைக் கூப்பிட இரண்டு வருடம் மெனக்கெட்டோம். இங்கே கூப்பிடுகிறவர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஒரு பொறுப்புப் பத்திரம் கொடுக்க வேண்டும். அதன் ஜேர்மன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பஸ் போய்விடும். அதற்கு ஒரு டெர்மின், அதாவது முன்கூட்டியே நேரம் எடுக்க வேண்டும். அந்த டெர்மினுக்கு இரண்டு மாதம். சம்பளத் துண்டு, வீட்டின் சதுர மீற்றர், அக்கா படுக்கப் போகும் கட்டில் உட்பட எல்லாம் சொன்னோம். முதல் தடவை விசா மறுத்துவிட்டார்கள். திரும்பிப் போவார் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லையாம். அக்காவிடம் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“எனக்கு அங்க ஆர் இருக்கச் சொன்னாலும் இருக்க ஏலாது. வெள்ளி செவ்வாய்க்குக் கோயிலுக்கு ஆர் பூ குடுக்கிறது? அதை எழுதி அனுப்பு அவைக்கு.”

அதை எழுதவில்லை, வேறு ஏதேதோ எழுதி இரண்டாம் முறை அனுப்பினோம். கிடைத்தது.

யுத்த காலத்தில் பலாலி படைத்தளமாக இருந்தது, விமானச் சத்தம் கேட்டால் பங்கருக்குள் இறங்கிப் படுத்த ஆட்கள் நாங்கள். அந்தப் பலாலியிலிருந்து பயணிகள் விமானத்தில் அக்கா ஏறப்போகிறார் என்பதே எனக்கு நம்ப முடியாத விஷயமாக இருந்தது. கொழும்புவரை பஸ்ஸில் இழுபடாமல், பலாலியில் ஏறிச் சென்னையில் மாறி, பிராங்பேர்ட்டில் இறங்குவதாக ஏற்பாடு. அங்கிருந்து நாங்கள் காரில் கூட்டி வருவோம்.

இந்த இடத்தில்தான் எங்கள் வீட்டின் கெட்டித்தனம் வருகிறது. மிதுலாவுக்கு அப்போது பதினெட்டு. தமிழ் விளங்கும், கதைப்பாள், ஆனால் எங்களோடு கதைப்பது ஜேர்மனில்தான். பெரியம்மாவோடு மட்டும் தமிழ், வேறு வழியில்லாததால். ஒருநாள் அக்கா அவளிடம் கேட்டிருக்கிறார்.

“பிள்ளை, பிளேனிலை எவ்வளவு நேரம் இருக்க வேணும்?”

“பத்து மணித்தியாலம், பெரியம்மா. நான் போட்டுப் பாத்தனான்.”

அவள் போட்டுப் பார்த்தது மேலே சொன்ன கோட்டை. அதே கிழமை என் கணவர் அக்காவின் கைபேசிக்கு ஒரு செய்தி அனுப்பினார். சுருக்கமாக, தெளிவாக, தன் வேலைக்குரிய முறையில்: பலாலி 11.50. சென்னை 01.50. பிராங்பேர்ட் 08.00. எல்லாம் அந்தந்த ஊர் நேரம்.

இருபத்துநாலு மணித்தியாலக் கணக்கில் பழகியவருக்கு 01.50 என்றால் நடுச்சாமம் தாண்டி வருவது, வேறு எதுவாகவும் இருக்க முடியாது. யாழ்ப்பாணத்தில் மத்தியானம் விமானம் ஏறுகிற ஒருவருக்கு 01.50 என்றால் மத்தியானம் ஒன்று ஐம்பது. எட்டு மணி என்றால் இரவு எட்டு. அக்கா இரண்டு நாட்டு நேர வித்தியாசத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்திருக்கிறார். மிதுலா சொன்ன பத்து மணித்தியாலத்தோடு ஏறக்குறையப் பொருந்தியிருக்கிறது. பிறகென்ன.

சென்னையில் அரைநாள் காத்திருக்க வேண்டும் என்பதை என் கணவர் அக்காவிடம் சொல்லியிருப்பார் என்று நான் இருந்தேன். நான் சொல்லியிருப்பேன் என்று அவர் இருந்தார். டிக்கட்டை அயலில் ஓட்டோ வைத்திருக்கும் சிவா அச்செடுத்து, பத்திரமாக இருக்கட்டும் என்று நேரே அக்காவின் கைப்பைக்குள் வைத்து ஸிப்பைப் பூட்டிவிட்டார்.

4

வெள்ளிக்கிழமை காலை. நான் வேலையில் நின்றேன். கரட் வெட்டிக்கொண்டிருந்தபோது சிவா தொலைபேசி எடுத்தார்.

“அக்கா, பெரியக்காவை ஏத்தி விட்டிட்டன். பிளேனும் வெளிக்கிட்டுட்டுது.”

“சாப்பிட்டவவோ?”

“எங்க சாப்பிட்டது. வெள்ளிக்கிழமை எல்லோ. காலமை குளிசை போட்டவ. இரவைக்கு உங்கட வீட்டை வந்து தோய்ஞ்சு, விளக்கேத்திப் போட்டுத்தான் சாப்பிடுவனெண்டு சொன்னவ. பத்து மணித்தியாலம்தானேயாம்.”

எனக்குக் கை நின்றுவிட்டது. முதலில் ஒன்றும் விளங்கவில்லை. இரவைக்கு எப்படி எங்கள் வீடு? பிறகு மெல்ல மெல்ல விளங்கியது. கணவருடைய செய்தியை எடுத்துப் பார்த்தேன். சென்னை 01.50. அதை அக்காவின் கண்ணால் வாசித்தேன்.

குளிசை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் ஒரு பகல், பிறகு பாதி இரவு, பிறகு பத்து மணித்தியாலப் பறப்பு. முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவளுக்குச் சீனி இறங்கினால் என்ன நடக்கும் என்று யாரும் விளக்கத் தேவையில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்த ஒருவர் அரை மணித்தியாலத்தில் கதிரையில் சரிந்ததைக் கண்டிருக்கிறேன். இங்கே பக்கத்தில் தாதி நின்றார். சென்னையில் அக்காவுக்குப் பக்கத்தில் யார் நிற்பார்கள்?

அக்காவின் சிம் இலங்கையைத் தாண்டினால் வேலை செய்யாது. விமான நிலையத்து இலவச இணையத்துக்கு இந்திய இலக்கம் வேண்டும். விமானக் கம்பனிக்கு எடுத்தேன். முதலில் பாட்டு, பிறகு இன்னும் பாட்டு, பிறகு ஒரு பெண். நான் பயத்தில் ஜேர்மனைக் கன்னாபின்னாவென்று பேசினேன்.

“பயணியால் சாப்பிட முடியாதா?”

“முடியும். சாப்பிட மாட்டார்.”

“உணவு பிடிக்கவில்லையா? இந்து சைவ உணவு ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது.”

“உணவில் பிரச்சினை இல்லை. விளக்கு ஏற்றவில்லை.”

அந்தப் பெண் எதையோ கணினியில் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு விமானத்துக்குள் விளக்கு ஏற்ற அனுமதியில்லை என்று மரியாதையாகச் சொன்னார். நன்றி சொல்லிவிட்டு வைத்தேன்.

மிதுலாவுக்கு இலையுதிர்கால விடுமுறை. அப்போதுதான் எழும்பியிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். ஏசவேண்டும் என்று நினைத்துத்தான் எடுத்தேன், ஏசவும் செய்தேன்.

“அது நேரான கோடு அம்மா. பிளேன் இல்லையெண்டு கீழ சின்னதா எழுதியிருக்கு,” என்றாள், அதிசயமாகத் தமிழில். பிறகு ஜேர்மனில், தான் அதைக் கடைசிவரை வாசிக்கவில்லை என்றாள். அதற்குப் பிறகு எனக்கும் ஏச மனம் வரவில்லை.

5

எங்கள் ஆட்கள் ஊரிலிருந்து அம்மா அப்பாவைக் கூப்பிடும்போது தவறாமல் ஒரு காரியம் செய்வோம். நல்லாக நடக்கக்கூடியவராக இருந்தாலும் சக்கர நாற்காலி பதிவு செய்வோம். காலுக்காக இல்லை. வாசல் எது, வரிசை எது என்று தெரியாத விமான நிலையத்தில் கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட ஓர் ஆள் கிடைக்கும் என்பதற்காக. பிராங்பேர்ட்டில் கொழும்பு விமானமோ சென்னை விமானமோ வந்தால் வரிசையாகச் சக்கர நாற்காலிகள் வெளியே வரும், பேரப்பிள்ளையைக் கண்டதும் அதிலிருந்து எழும்பி ஓடுவார்கள்.

அக்காவுக்கும் பதிவு செய்திருந்தோம். எனக்கு ஏன் அது, நான் முடமோ என்று ஒரு கிழமை கோபமாக இருந்தார். அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது அதுதான்.

மத்தியானச் சாப்பாடு பரிமாறி முடிந்த நேரம். இந்திய இலக்கம் ஒன்றிலிருந்து வீடியோ அழைப்பு. களஞ்சிய அறைக்குள் ஓடினேன். தக்காளி டின்களுக்கு நடுவில் நின்று எடுத்தால், திரையில் சீருடை போட்ட ஓர் இளம் ஆள்.

“வணக்கம் மேடம், சென்னை ஏர்போர்ட்ல வீல்சேர் அசிஸ்டன்ஸ். உங்க அக்கா நம்பரை மனப்பாடமா சொன்னாங்க. அடுத்த ஃபிளைட் நைட்டுதான்னு சொன்னதுலேர்ந்து டென்ஷனா இருக்காங்க. எதுவும் சாப்பிடவும் மாட்டேங்கிறாங்க. கை நடுங்குது. கொஞ்சம் பேசுங்க.”

கைபேசி திரும்பியது. அக்கா சக்கர நாற்காலியில் இருக்கவில்லை, அதற்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். சக்கர நாற்காலியில் அவருடைய பை இருந்தது. முகம் வெளிறிப்போயிருந்தது.

“தேவி, இவை என்னை இஞ்ச இருத்தி வைச்சிருக்கினம். பிளேன் சாமத்திலையாம்.”

“ஓம் அக்கா. எங்கட பிழை. நேரத்தை விளக்கமா எழுதேல்லை. இப்ப நீங்கள் சாப்பிடுங்கோ.”

“வெள்ளிக்கிழமை.”

“தெரியும். சீனி இறங்கிப் போச்சு அக்கா, கை நடுங்குதாம். எனக்காகச் சாப்பிடுங்கோ.”

“உனக்காகத்தானே இவ்வளவு காலமும் சாப்பிடாமல் இருந்தனான்,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். நான் டின்களில் எழுதியிருந்ததை வாசித்துக்கொண்டு நின்றேன்.

“பிள்ளையைக் கூப்பிடு. அவளோட கதைக்க வேணும்,” என்றார் அக்கா.

மிதுலாவையும் அழைப்பில் சேர்த்தேன். அவளுக்கும் சேர்த்து ஏச்சு விழப்போகிறது என்று நினைத்தேன். ஆனால் அக்கா வாய் திறக்குமுன் அவள் கதைத்தாள்.

“பெரியம்மா, நான் பிழையாச் சொல்லிப்போட்டன். நீங்கள் எங்கட வீட்டை வந்து விளக்கேத்தத்தானே இருந்தனீங்கள்? வீடு இஞ்சதானே இருக்கு. நான் ஏத்தட்டா?”

அக்கா யோசித்தார். சீருடைக்காரர் கைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார் போல, படம் ஆடவில்லை.

“குளிச்சிட்டியோ?”

“ஓம்.”

“தலைக்கு?”

“தலைக்கும்தான், பெரியம்மா.”

எங்கள் வீட்டில் சாமியறை என்று தனியாக இல்லை. வரவேற்பறை அலுமாரியின் ஒரு தட்டுத்தான். மிதுலா கடைசியாக அந்தப் பக்கம் போனது ஏதோ ஒரு பரீட்சைக்கு முன்னர். கைபேசியை எதிரே சாய்த்து வைத்தாள். எண்ணெயைக் கூட விட்டு வழிய விட்டாள். முதல் நெருப்புக்குச்சி முறிந்தது.

“திரியைக் கிழக்குப் பாக்க வை,” என்றார் அக்கா.

அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். எனக்கும் சட்டென்று வரவில்லை. இத்தனை வருடம் அந்த வீட்டில் இருக்கிறேன்.

“கிழக்கெண்டால் நீங்கள் இருக்கிற பக்கம்தானே, பெரியம்மா?” என்று கேட்டாள் மிதுலா.

“ஓம் மோனை, நான் இருக்கிற பக்கம்தான்,” என்றார் அக்கா.

இரண்டாவது குச்சியில் திரி பற்றியது. அங்கே பொழுதுபடுகிற நேரம், விளக்கு வைக்கிற நேரம். அக்கா திரையைப் பார்த்துக் கும்பிட்டார். அந்த ஆளும் ஒற்றைக் கையால் நெற்றியைத் தொட்டது ஒரு மூலையில் தெரிந்தது.

“அம்மா, இட்லி வாங்கிட்டு வர்றேன். இட்லிதான், வெங்காயம்கூட கிடையாது,” என்றார்.

“ரெண்டு போதும் தம்பி,” என்றார் அக்கா.

நாலு சாப்பிட்டாராம். சீருடைக்காரரே பிறகு வெறும் தட்டைப் படம் எடுத்து அனுப்பினார். அந்த ஆளின் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன், அது இன்னும் மனதில் கிடக்கிறது.

6

சனிக்கிழமை காலை பிராங்பேர்ட்டில் அக்கா வெளியே வந்தார். சக்கர நாற்காலியை அவர்தான் தள்ளிக்கொண்டு வந்தார், அதில் பை இருந்தது. உதவிக்கு வந்த ஜேர்மன் பெண் கைவீசிக்கொண்டு பின்னால் வந்தார். அக்கா என்னைக் கட்டிப்பிடித்தார், மிதுலாவின் கன்னத்தைத் தடவினார், பிறகு என் கணவர் பக்கம் திரும்பினார்.

“தம்பி, சாமமெண்டால் சாமமெண்டு எழுத வேணும்.”

“மத்தியானமெண்டால் நான் 13.50 எண்டெல்லோ எழுதியிருப்பன், அக்கா.”

“அது பஸ்ஸுக்கு. மனுசருக்குச் சாமமெண்டு எழுத வேணும்.”

அவர் இன்றுவரை தன் பக்கம் நியாயம் இருப்பதாகத்தான் சொல்கிறார். ஆனால் ஊருக்கு அனுப்புகிற செய்திகளில் காலை, மாலை போடத் தொடங்கிவிட்டார்.

அக்கா மூன்று மாதம் நின்றார். எங்கள் நகரத்துத் தொங்கு ரயிலில் ஒருதரம் ஏறினார், கீழே ஆறு ஓடுவதைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டார். குளிரைக் குறை சொன்னார், எங்கள் மிளகாய்த்தூளைக் குறை சொன்னார். வெள்ளிக்கிழமை தவறாமல் அவர் விளக்கேற்றினார், மிதுலா பக்கத்தில் நின்றாள். விசா முடிய இரண்டு நாள் இருக்கும்போதே, பிந்தினால் என்னைப் பிடிக்க ஆள் அனுப்பிப் போடுவினம் என்று சொல்லி வெளிக்கிட்டார். பயணம் மறுபடியும் ஒரு வெள்ளிக்கிழமையைத் தொட்டது.

“நீ ஏத்திவிடு பிள்ளை. நான் சென்னையிலை சாப்பிடுவன்,” என்று மிதுலாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் ஏற்றினாள். அடுத்த வெள்ளியும் ஏற்றினாள், அக்கா ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகும். பள்ளிக்கூடம் போகமுன் அவள் ஏற்றினால் அங்கே மத்தியானம் நெருங்கிக்கொண்டிருக்கும். இரண்டு நிமிட வீடியோ. அக்கா தன் வீட்டிலும் விளக்கேற்றி, இவளுடையதையும் பார்த்துவிட்டுச் சாப்பிடுவார். காலையில் எத்தனை தரம் கூப்பிட்டாலும் எழும்பாத பிள்ளை வெள்ளிக்கிழமைகளில் தானாக எழும்பியது. கோயிலுக்கு வா என்றால் வரமாட்டாள், அது வேறு. இதை ஏன் செய்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன். பெரியம்மா சாப்பிட வேண்டுமே என்றாள், ஜேர்மனில்.

7

இந்தக் கிழமை அவளைத் தென்கிழக்கே உள்ள எர்லாங்கனில் கொண்டுபோய் விட்டுவந்தோம். அங்கே பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. மாணவர் விடுதியில் ஒரு சின்ன அறை. அறையில் நெருப்புப் பற்றவைக்கக் கூடாது என்று கதவிலேயே ஒட்டியிருந்தது, கூரையில் புகை கண்டுபிடிக்கும் கருவி. அதை அண்ணாந்து பார்த்தேன், அவளும் பார்த்தாள்.

இன்று வெள்ளிக்கிழமை, எனக்கு விடுமுறை நாள். காலையிலேயே விழிப்பு வந்துவிட்டது. அலுமாரித் தட்டில் விளக்கு ஏற்றாமல் கிடந்தது. நான் ஏற்றலாம், ஆனால் ஏற்றவில்லை. ஏற்றினால் அவள் ஏற்றமாட்டாள் என்பதை நானே ஒத்துக்கொண்ட மாதிரி இருக்கும் என்று தோன்றியது. கூட்டினேன், துடைத்தேன், சோறு கறி சமைத்தேன். பத்து மணியளவில் அக்கா எடுத்தார்.

“சாப்பிட்டிட்டன். உனக்குச் சொல்லத்தான் எடுத்தனான்.”

“விளக்கு ஆர் அக்கா ஏத்தினது?”

“ஆர் ஏத்துறது? பிள்ளைதான். பற்றறியிலை எரியிற விளக்கு ஒண்டு வாங்கி வைச்சிருக்குது. அங்க நெருப்பு மூட்ட விடமாட்டினமாமே.”

“அது பரவாயில்லையோ உங்களுக்கு?”

“பிளேனுக்கை இருந்து கும்பிட்டவளுக்கு இது என்ன,” என்றார். விமானத்துக்குள் இல்லை, விமான நிலையத்தில் என்று நான் திருத்தவில்லை.

அதற்குப் பிறகு மிதுலாவிடமிருந்து ஒரு படம் வந்தது. அதே இணையத்தளம், அதே மாதிரி ஒரு கோடு. இந்த முறை நூர்ன்பேர்க்கிலிருந்து பலாலிக்கு. எர்லாங்கனுக்குப் பக்கத்து விமான நிலையம் அதுதான். கீழே ஜேர்மனில் எழுதியிருந்தாள், இங்கிருந்து பெரியம்மாவுக்கு முந்நூறு கிலோமீற்றர் குறைவு, அம்மா என்று.

ஓம் என்று பதில் போட்டேன். பிறகு அந்தத் தளத்தை நானே திறந்து, டுசில்டோர்ஃபையும் நூர்ன்பேர்க்கையும் போட்டுப் பார்த்தேன். சின்னக் கோடு ஒன்று வந்தது, ஒரு மணித்தியாலம் என்று காட்டியது. அந்தக் கோட்டில் விமானம் ஏதும் பறக்கிறதா என்று நான் தேடவில்லை.

அலுமாரியடிக்குப் போய் எண்ணெய் விட்டேன். திரியை எர்லாங்கன் இருக்கிற பக்கம் திருப்பி வைத்தேன். அது சரியான கிழக்கு இல்லை, அக்கா கண்டால் ஏசுவார். பற்றவைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான், காலையிலிருந்து நான் தண்ணீரைத் தவிர ஒன்றும் வாயில் வைக்கவில்லை என்பது தெரிந்தது. குசினிக்குப் போய்ச் சோற்றைப் போட்டுச் சாப்பிட்டேன்.